விமானிகளுக்கு வேண்டிய பயிற்சி

திருமங்கலத்திலிருந்து கப்பலூர் வழியாக மதுரைக்குச் செல்லுகிறவர்கள், பெருங்குடி விமான நிலையத்தை நோக்கி ஆகாய விமானங்கள் தாழ்ந்து வருவதைத் தினந்தோறும் காண்கிறார்கள். கரிசல் காட்டில் வேலை செய்வோரும் ஒரு கணம் தலை நிமிர்ந்து பார்க்கிறார்கள். ஒரு தலைமுறைக்கு முன் அது வெறும் வேடிக்கை. இன்றோ அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே அதில் ஏறிச் சென்னைக்கும் துபாய்க்கும் பிரயாணம் செய்கிறார்கள். அந்த விமானத்தை ஓட்டுகிறவர் யார் என்று கேட்டால், விமானி என்று எவரும் விடை சொல்லுவார். ஆனால் உண்மை அவ்வளவு எளிதன்று. தரையை விட்டுக் கிளம்பிய சில நிமிஷங்களுக்குள் ஓட்டும் வேலையைக் கருவி ஏற்றுக்கொள்ளுகிறது. இறங்கும் தருணம் நெருங்கும் வரையில் பெரும்பாலும் அதுவே ஓட்டுகிறது. விமானி அதற்குக் கட்டளை இடுகிறார். அது செய்வதைக் காவல் காக்கிறார். அந்தக் காவலுக்கு வேண்டிய பயிற்சி அவருக்கு அளிக்கப்பட்டிருக்கிறதா என்பதே இன்று நாம் எழுப்பும் கேள்வி.

இக்கேள்விக்கு அவசரம் உண்டு. 2023-ம் வருஷம் பிப்ரவரியில் ஏர் இந்தியா கம்பெனி ஏர்பஸ், போயிங் என்னும் இரு உற்பத்தியாளரிடம் 470 விமானங்கள் வாங்க ஏற்பாடு செய்தது. அதே வருஷம் ஜூன் மாதத்தில் இண்டிகோ கம்பெனி 500 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. விமானங்களைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். அவற்றை ஓட்டும் மனிதர்களை அப்படி வாங்க முடியாது. ஆயிரக்கணக்கான விமானிகளை நாம் தயாரித்தாக வேண்டும். அவசரத்தில் தயாரித்துவிட்டுப் பின்னர் வருந்துவதைவிட, எப்படித் தயாரிப்பது என்று இப்போதே ஆலோசிப்பது விவேகமாகும்.

மாட்டு வண்டிகள் மிகுந்திருந்த காலத்தை நமது பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திருமங்கலத்தில் பருத்தியை விற்றுவிட்டு உசிலம்பட்டிச் சாலையிலும் பேரையூர்ச் சாலையிலும் இரவில் திரும்பும் வண்டிக்காரர்கள், தும்புக் கயிற்றைத் தளர விட்டுவிட்டுத் தூங்கிப் போவார்கள். மாடுகளுக்கு வழி தெரியும். விடிவதற்குள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். நூறு இரவுகள் அப்படிக் கழிந்துவிடும். நூற்றோராவது இரவில் மழை வந்து ஓடைப் பாலம் இடிந்திருக்கும். மாட்டுக்கு வழி தெரியுமே யொழியப் பாலம் இடிந்தது தெரியாது. அந்தக் கணத்தில் விழித்தெழும் வண்டிக்காரனுக்குத் தான் எங்கே இருக்கிறோம், சக்கரம் எதன்மேல் நிற்கிறது என்பதே விளங்காது. குற்றம் மாட்டினுடையதன்று; நூறு இரவுகளும் நன்றாகவே நடந்ததால் வந்த வினை அது. இன்றைய விமானியறையில் உள்ள அபாயமும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே.

கருவிகளை நாம் பழிக்கவில்லை. 1914-ம் வருஷத்திலேயே லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற அமெரிக்க இளைஞர், பாரிஸ் நகருக்கு அருகில் இரு கைகளையும் தூக்கிக் காட்டிக்கொண்டு, தாமே செய்த கருவியால் விமானத்தை நிலையாகப் பறக்கச் செய்து ஜனங்களைப் பிரமிக்க வைத்தார். அன்று தொட்டு இக்கருவிகள் விமானியின் களைப்பைக் குறைத்திருக்கின்றன. மூடுபனியிலும் விமானத்தை ஓடுபாதைக்குக் கொண்டு சேர்த்திருக்கின்றன. ஆகாயப் பிரயாணம் முன்னைவிட எவ்வளவோ பத்திரமாகி யிருப்பதற்கு அவையும் ஒரு முக்கிய காரணம். 1932-ம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி கராச்சியிலிருந்து தபால் மூட்டையுடன் பம்பாய்க்குப் பறந்து வந்த ஸ்ரீ ஜே. ஆர். டி. டாட்டாவுக்குத் தமது கண்ணும் கையுமே துணை. அந்த நாளுக்குத் திரும்ப வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை. கருவி வந்த பிறகு மனிதனுக்குக் கற்பிக்க வேண்டியது குறைந்துவிட்டது என்ற எண்ணத்தைத்தான் நாம் தவறு என்கிறோம். குறையவில்லை, கூடியிருக்கிறது.

இதற்குச் சாட்சி தேடி அன்னிய தேசங்களுக்குப் போக வேண்டியதில்லை. 1990-ம் வருஷம் பிப்ரவரி 14-ந் தேதி பம்பாயிலிருந்து 146 பேருடன் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று, பட்டப் பகலில், தெளிந்த வானத்தில், பெங்களூர் விமான நிலையத்தின் ஓடுபாதையை எட்டாமல் அதற்கு முன்னிருந்த கோல்ப் மைதானத்தில் மோதித் தீப்பற்றியது. 92 பேர் மாண்டனர். அது ஏர்பஸ் 320 என்ற புது ரக விமானம். நம் நாட்டுக்கு வந்து ஒரு வருஷங்கூட ஆகவில்லை. விமானியறையில் இருந்த இருவரும் அனுபவமுள்ளவர்கள். ஒருவர் மற்றவரைப் பரிசோதிக்கும் நிலையில் உட்கார்ந்திருந்தார். புயலில்லை, எஞ்சின் கெடவில்லை. பின் என்ன நேர்ந்தது?

அந்த விமானத்துக்குப் பல இயங்கு முறைகள் உண்டு. ஒரு முறையில் கருவி வேகத்தைக் காத்துக்கொண்டே இறங்கும். எஞ்சினுக்கு வேண்டிய சக்தியைத் தானே கூட்டும், குறைக்கும். மற்றொரு முறையில் எஞ்சின் அடங்கியே நிற்கும். குறித்த உயரத்தை எட்டும் வரையில் விமானம் சரிந்துகொண்டே செல்லும். ஓடுபாதையை நெருங்கும் வேளையில் அந்த விமானம் இரண்டாவது முறையில் இருந்தது. நிமிஷத்துக்கு 700 அடி வீதம் இறங்கும்படி கட்டளையிட நினைத்த கை, தவறாக உயரத்துக்குரிய குமிழைத் திருப்பி 700 அடி என்று வைத்திருக்கக் கூடும் என்பது விசாரணையில் ஆராயப்பட்ட சாத்தியங்களில் ஒன்று. பெங்களூரின் தரையே கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 2,900 அடி உயரத்தில் இருக்கிறது! கருவி தனக்கு இட்ட கட்டளையை நிறைவேற்றிக்கொண்டிருந்தது. வேகம் குறைந்தது, உயரம் குறைந்தது, எஞ்சின் அடங்கிக் கிடந்தது. கருவி வேகத்தைக் காக்கிறது என்ற நம்பிக்கையில் கழிந்த விநாடிகள் திரும்பி வரவில்லை. எஞ்சினுக்கு முழுச் சக்தி கொடுத்தபோது அது பொங்கி எழுவதற்கு வேண்டிய அவகாசம் மிஞ்சவில்லை.

விமானியின் தவறு என்று இரண்டு சொற்களில் இதை முடித்துவிடுவது எளிது. இறந்தவர் வந்து வாதாடப் போவதில்லை. ஆனால் பத்து முறைகளில் இயங்கும் ஒரு யந்திரத்தைக் கொடுத்து, இப்போது எந்த முறையில் இயங்குகிறது, அடுத்து எதற்கு மாறும் என்பதை ஐயமறக் கற்பிக்காமல் விட்டால், அத்தவறு ஒருவருடையது மட்டுமாகுமா?

உலகின் மற்ற இடங்களிலும் இதே பாடம் திரும்பத் திரும்பப் புகட்டப்பட்டது. 1992-ம் வருஷம் ஜனவரியில் பிரான்ஸ் தேசத்தில் ஸ்ட்ராஸ்பர்க் நகருக்கு அருகில் மலையில் மோதிய மற்றோர் ஏர்பஸ் 320-ல் 87 பேர் இறந்தனர். 3.3 பாகைச் சரிவில் இறங்க வேண்டிய விமானம், நிமிஷத்துக்கு 3,300 அடி வீதம் இறங்கியது. ஒரே சிறு கண்ணாடியில் இரு அளவுகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரிந்ததே முக்கிய காரணமென்று கருதப்பட்டது. 2009-ம் வருஷம் ஜூன் 1-ந் தேதி ரியோ நகரிலிருந்து பாரிஸுக்குச் சென்ற விமானத்தில், வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனிக்கட்டி அடைத்தது. கருவி, இனி என்னால் ஆகாதென்று பொறுப்பை விமானிகளிடம் ஒப்படைத்துவிட்டது. அவர்களோ அவ்வளவு உயரத்தில் கையால் ஓட்டப் பயிற்சி பெற்றவர்களல்லர். மூக்கைத் தூக்கித் தூக்கிப் பிடித்ததில் இறக்கை தாங்கும் சக்தியை இழந்தது. நாலரை நிமிஷத்துக்குள் 228 பேரும் கடலில் மடிந்தனர். 2013-ம் வருஷம் ஜூலை 6-ந் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோவில், கருவி வேகத்தைக் காத்து வருகிறதென்று விமானிகள் எண்ணியிருக்க, அது காவாமல் நின்றுவிட்டது. விமானத்தின் வால் கடற்சுவரில் இடித்தது, மூவர் இறந்தனர். தேசங்கள் வேறு, விமானங்கள் வேறு. ஆனால் கருவி என்ன செய்கிறதென்று அறியாமை, அல்லது கருவி விலகியதும் கை திகைத்தல் என்னும் இரண்டினுள் ஏதேனும் ஒன்று ஒவ்வொன்றிலும் இருக்கக் காண்கிறோம்.

அறிஞர்கள் முன்கூட்டியே எச்சரிக்காமலில்லை. 1983-ம் வருஷத்திலேயே லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியல் அறிஞர் ஒரு சிறு கட்டுரையில் இந்த விபரீதத்தை விளக்கினார். எளிய வேலைகளை யெல்லாம் யந்திரத்திடம் கொடுத்துவிட்டு, யந்திரம் கைவிடும் கடினமான வேலையை மனிதனுக்கு ஒதுக்குகிறோம். நாள்தோறும் செய்து பழகும் வாய்ப்பையும் அவனிடமிருந்து பறித்துவிடுகிறோம். ஆகவே யந்திரம் எவ்வளவு தேர்ச்சி பெறுகிறதோ அவ்வளவுக்கு மனிதனுக்குப் பயிற்சி அதிகம் வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். 1997-ம் வருஷத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியின் பயிற்சி விமானி வாரன் வாண்டர்பர்க், திரையில் கருவி காட்டும் செந்நீலக் கோட்டையே பின்பற்றிச் செல்லும் விமானிகளை, அக்கோட்டின் பிள்ளைகள் என்று நையாண்டி செய்தார். கருவி குழப்பினால் அதோடு மல்லுக் கட்டாதே, ஒரு படி இறங்கி வா, வேண்டுமானால் முழுவதும் அணைத்துவிட்டுக் கையால் ஓட்டு என்பது அவர் உபதேசம்.

நல்ல பயிற்சியின் பலனையும் சொல்ல வேண்டும். 2009-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி நியூயார்க் நகரில் பறவைகள் மோதி இரு எஞ்சின்களும் சக்தி இழந்த விமானத்தை, காப்டன் ஸல்லன்பர்கர் ஹட்ஸன் நதியில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தனர். அதுவும் பெங்களூரில் வீழ்ந்த அதே ஏர்பஸ் 320 ரகந்தான்! விமானம் மிகையாக மூக்கைத் தூக்காதபடி கருவி காத்தது. எங்கே, எப்போது இறங்குவதென்று மனிதன் தீர்மானித்தான். 2010-ம் வருஷம் நவம்பர் 4-ந் தேதி சிங்கப்பூரை விட்டுக் கிளம்பிய குவாண்டாஸ் விமானத்தில் எஞ்சின் வெடித்து, எச்சரிக்கைகள் மழைபோலக் கொட்டின. எது கெட்டது என்று ஒவ்வொன்றாக அலைவதை நிறுத்தி, எது மிஞ்சி யிருக்கிறது என்று எண்ணத் தொடங்கிய விமானிகள் 469 பேரையும் பத்திரமாகத் தரை சேர்த்தனர். கருவியும் மனிதனும் பகைவர்களல்லர் என்பதற்கு இவை சான்று. கருவியை அறிந்தவனுக்கே கருவி துணை.

இனி, தேசப் பற்றுள்ள ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டிய பகுதிக்கு வருவோம். விமானிக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதை யார் தீர்மானிப்பது? விற்பவனா, வாங்குபவனா, ஜனங்களின் சார்பில் சர்க்காரா?

போயிங் கம்பெனி தனது 737 மாக்ஸ் ரகத்தில், விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழே அழுத்தும் ஒரு கருவியைச் சேர்த்தது. விமானிகளின் கைப்புத்தகத்தில் அதைப்பற்றிச் சொல்லவில்லை. பழைய ரகத்தை ஓட்டியவர்கள் சிமுலேட்டர் என்னும் மாதிரி விமானியறையில் பயிலாமல், தட்டைக் கணினியில் சில மணி நேரப் பாடம் படித்தாலே போதும் என்பது அதன் வியாபாரத்துக்கு முக்கிய விளம்பரம். சிமுலேட்டர் பயிற்சி அவசியமாகிவிட்டால் விமானம் ஒன்றுக்குப் பத்து லட்சம் டாலர் விலை குறைப்பதாக ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கு அது வாக்களித்திருந்தது என்றால், விஷயம் விளங்கும். 2018-ம் வருஷம் அக்டோபர் 29-ந் தேதி இந்தோனேஷியாவில் லயன் ஏர் விமானம் கடலில் வீழ்ந்து 189 பேரும், 2019-ம் வருஷம் மார்ச் 10-ந் தேதி எதியோப்பியாவில் மற்றொன்று வீழ்ந்து 157 பேரும் மாண்டனர். முதல் விமானத்தின் காப்டன் டில்லியைச் சேர்ந்த நமது இளைஞர். அதே விமானம் அதற்கு முந்திய இரவில் இதே கோளாறுக்கு உள்ளாகித் தப்பியது. வால் பகுதியின் மின்சார சுவிட்சை அணைக்கும் வழி அன்றைய விமானிகளுக்குத் தோன்றியதே காரணம். எதியோப்பிய விமானிகள் அச் சுவிட்சை அணைத்தும், மிஞ்சிய வேகத்தில் சக்கரத்தைக் கையால் திருப்ப முடியாமற் போயிற்று. யந்திரத்தின் அமைப்பிலுள்ள பிழையைப் பயிற்சியால் மட்டும் மூடிவிட முடியாது என்பதையும் இது காட்டுகிறது. மேற்படி கருவியைப்பற்றி அமெரிக்க அதிகாரிகளை ஏமாற்றிய குற்றச்சாட்டில் போயிங் கம்பெனி 2021-ம் வருஷம் ஜனவரியில் 250 கோடி டாலருக்கு மேல் செலுத்த உடன்பட்டது. 346 உயிர்கள் போன பின் வந்த உடன்பாடு அது.

நமது சர்க்கார் 2019 மார்ச்சில் அவ்விமானங்களைத் தடுத்தது. 2021 ஆகஸ்டில் நிபந்தனைகளுடன் அனுமதித்தது. அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். 2022-ம் வருஷம் ஏப்ரலில் ஸ்பைஸ்ஜெட் கம்பெனியின் 90 விமானிகள் மாக்ஸ் விமானத்தை ஓட்டக் கூடாதென்று விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் உத்தரவிட நேர்ந்தது. அவர்கள் பயின்ற சிமுலேட்டரில், இறக்கை தாங்கும் சக்தியை இழக்கப் போகிறதென்று விமானியின் கைப்பிடியை அதிரச் செய்து எச்சரிக்கும் பகுதி ஒரு பக்கத்தில் வேலை செய்யவில்லை! எந்த அபாயத்துக்காகப் பயிற்சியோ அந்த அபாயத்தை அறிவிக்கும் மணியே ஊமையாயிருந்தது. கம்பெனிக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. குறையைக் கண்டுபிடித்த அதிகாரிகளைப் பாராட்டுகிறோம். ஆனால் 90 பேர் பயின்று வெளியே வரும் வரையில் அது கண்டுபிடிக்கப்படாமல் இருந்ததைப் பாராட்ட முடியவில்லை.

வெள்ளையர் காலத்து 1934-ம் வருஷத்து விமானச் சட்டம் நீங்கி, 2024-ல் நமது பார்லிமெண்டு இயற்றிய புதிய சட்டம் 2025 ஜனவரி 1-ந் தேதி அமலுக்கு வந்துவிட்டது. சட்டத்துக்கு நம் பாஷையில் பெயர் வைத்தது சரி. ஆனால் பயிற்சியின் அளவை அன்னிய வியாபாரியின் விளம்பரத் தாள் தீர்மானிக்குமானால், பெயர் மாறியதால் வந்த லாபம் என்ன? யந்திரத்தை வெளி நாட்டில் வாங்கலாம். அதை ஆளும் அறிவை வெளி நாட்டான் தயவில் விட்டுவைப்பது சுயராஜ்யமாகாது.

கம்பெனிகள் கூறும் ஆட்சேபத்தையும் கவனிப்போம். கையால் ஓட்டினால் சிறு பிசகுகள் நேரும். கருவி ஓட்டினால் நேர்த்தியாயிருக்கும். ஆகையால் இயன்ற மட்டும் கருவியையே உபயோகியுங்கள் என்கிறார்கள். ஒவ்வொரு பிரயாணத்தின் அளவுகளும் பதிவாகின்றன. பிசகு காணப்பட்டால் விளக்கம் கேட்பார்களே என்று விமானிகளும் அஞ்சுகிறார்கள். இன்றைய ஒரு பிரயாணத்தை மட்டும் எண்ணினால் அவர்கள் சொல்வதில் நியாயமுண்டு. ஆனால் என்றோ ஒரு நாள் கருவி கைவிடும்போது அந்தக் கை வேலை செய்ய வேண்டுமே! தண்ணீரில் இறங்காமல் நீந்தக் கற்றவர் யார்? கூட்டமில்லாத வேளையில், தெளிந்த வானில், அனுபவமுள்ள காப்டன் பக்கத்திலிருக்கக் கையால் ஓட்டிப் பழகுவதில் உள்ள அபாயம், பழகாமலே இருப்பதில் உள்ள அபாயத்தைவிட மிகச் சிறியது. அமெரிக்க அதிகாரிகளே 2013-ம் வருஷம் ஜனவரியில், தகுந்த வேளைகளில் விமானிகள் கையால் ஓட்டுவதை ஊக்குவிக்குமாறு தங்கள் கம்பெனிகளுக்கு எழுதினார்கள்.

ஆகவே நாம் கோருவன இவை. முதலாவது, குறித்த கால அளவுக்குள் இத்தனை முறை கையால் ஓட்டி யிருக்க வேண்டுமென்று, சிமுலேட்டரிலும் ஆகாயத்திலும், விதியில் கண்டிப்பாக எழுத வேண்டும். அப்படிப் பழகும்போது நேரும் சிறு பிசகுக்குத் தண்டனை கூடாது. இரண்டாவது, எந்தப் பொத்தானை அமுக்குவது என்பதோடு பரீக்ஷை நின்றுவிடக் கூடாது. இப்போது கருவி என்ன செய்கிறது, அடுத்து என்ன செய்யும், நான் விலக்கினால் என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லத் தெரியாதவர் தேறலாகாது. மூன்றாவது, புது ரக விமானத்துக்கு எவ்வளவு பயிற்சி என்பதை நமது அதிகாரிகள் தாங்களே ஓட்டிப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். விமானத்திலுள்ள எந்தக் கருவியும் விமானிக்கு மறைக்கப்படக் கூடாது. நான்காவது, சிமுலேட்டர்களை முன்னறிவிப்பின்றிச் சோதிக்க வேண்டும்.

ஐந்தாவது கோரிக்கை நமது சீமைக்கு நேரே சம்பந்தப்பட்டது. நம் நாட்டில் வர்த்தக விமானிக்கு லைசென்ஸ் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு அரைக் கோடி ரூபாயை எளிதில் தாண்டுகிறது; பெரிய விமானத்துக்குரிய தனிப் பயிற்சிக்கு மேலும் பல லட்சம். நிலத்தை விற்றோ அடமானம் வைத்தோ பிள்ளையை அனுப்பும் குடும்பம், அவன் சீக்கிரம் சம்பாதிக்க வேண்டுமென்று துடிப்பது இயற்கை. கடன்பட்டவனுக்கு, எனக்கு இது விளங்கவில்லை, இன்னும் பத்து மணி நேரம் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கத் துணிவு வருமா? ஒவ்வொரு மணியும் பணமல்லவா? பணப் பையின் கனத்தைக் கொண்டு விமானிகளைப் பொறுக்குவது நீதிக்கு விரோதம் மட்டுமன்று. பிரயாணிகளின் பத்திரத்துக்கும் விரோதம். தகுதியைப் பார்த்துப் பொறுக்கி, சர்க்காரும் கம்பெனிகளும் செலவைப் பகிர்ந்து பயிற்றுவிக்க வேண்டும். ஆரம்பத் தத்துவங்களைத் தாய்மொழியில் விளக்கும் நூல்களும் வேண்டும். ஆகாயத்தில் பேசும் பாஷை இங்கிலீஷாயிருக்கலாம். இறக்கை ஏன் தாங்குகிறது, எப்போது கைவிடுகிறது என்பதைத் தமிழில் ஐயமற அறிந்த பிள்ளை, நெருக்கடியில் தடுமாற மாட்டான்.

மதுரையில் இறங்கும் விமானங்களில், பெங்களூரில் வீழ்ந்த அதே ஏர்பஸ் 320 குடும்பத்தைச் சேர்ந்தவையும் உண்டு. அவை தினமும் பத்திரமாகவே இறங்குகின்றன. நம்மவர்கள் அச்சமின்றி ஏறலாம். ஆனால் நூறு இரவு நல்லபடி வீடு சேர்ந்ததைக் கொண்டு வண்டிக்காரன் கயிற்றை விட்டுவிடலாம் என்று எவரும் வாதிக்க வேண்டாம். பாலம் இடிந்த பிறகு கயிற்றைத் தேடுவதில் பயனில்லை. கயிறு அவன் கையில் இருக்கட்டும். அதைப் பிடிக்கவும் அவனுக்குத் தெரிந்திருக்கட்டும். அதற்கு வேண்டிய செலவை மிச்சம் பிடிக்க முதலாளிகளுக்கு உரிமை இல்லை. அதைக் கண்டும் காணாமலிருக்கச் சர்க்காருக்கு அதிகாரம் இல்லை. நமது பிரதிநிதிகள் பார்லிமெண்டில் இதைக் கேட்பார்களா?